செவியைப் பழக்கிய கலைஞர்

இசைக்கு வேண்டிய செவி பிறவியிலேயே வரவேண்டும், வாராதவர்க்கு வாராது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். பள்ளிப் பிள்ளைகளை இவ்வாறு தரம் பிரித்தும் விடுகின்றோம். இவ்வெண்ணத்தோடு ஆங்கிலக் கித்தார்க் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பை அணுகுவோர் திகைப்பர்.

டார்செட் பகுதியில் விம்போர்ன் என்னும் சிற்றூரில் 1946இல் பிறந்தவர் இவர். 11ஆம் வயதில் கித்தார் கைக்கு வந்தது. சுர வேறுபாடு அறியும் செவியும் தாள உணர்வும் அன்று தமக்கு இல்லை என்று அவரே கூறியுள்ளார். போதாக்குறைக்கு இவர் இடக்கைப் பழக்கம் உடையவர். கித்தாரையோ வலக்கையர் முறையில் பிடித்தே பயின்றார். இல்லாத செவியை உழைப்பால் உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்பதே இவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி எனலாம்.

இவருடைய ‘கிங் கிரிம்சன்’ குழு 1969 சனவரியில் ஒத்திகை தொடங்கியது. சூலை 5ஆம் நாள் இலண்டன் ஹைட் பூங்காவில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் நிகழ்ச்சியில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தது. அக்டோபரில் வெளிவந்த ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’ என்னும் இசைத்தட்டே முற்போக்கு ராக் இசையின் தலைவாயில் என்பர். அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஃபிரிப்பை அறிய அது ஏற்ற இசைத்தட்டு அன்று. அதன் பெருமிதத்தில் பெரும்பங்கு இயன் மெக்டொனால்டுக்கு உரியது. அவ்வாண்டு இறுதியில் மெக்டொனால்டும் டிரம் வாசித்த மைக்கேல் கைல்சும் விலக முற்பட்டபோது, ‘நீங்கள் இருங்கள், நான் போகிறேன்’ என்ற கருத்தில் ஃபிரிப் பேசினாராம். அவர்கள் இசையவில்லை.

அவரது கையைக் காண வேண்டுமாயின் 1974இல் வந்த ‘ஃபிராக்சர்’ என்னும் பாட்டில்லா இசையைக் கேட்க வேண்டும். ஒரே சீரான விரைவில், மூச்சுவிட இடமின்றி, சுரங்கள் நீண்டநேரம் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நரம்பு விட்டு நரம்பு தாவும் அவ்வோட்டத்தில் ஒரு விரல் தவறினும் யாவும் குலைந்துவிடும். கேட்போர்க்கு அதில் இனிமை குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பயிற்சிப் பாடமே கச்சேரியாகிவிட்டதோ என்று எமக்குச் சில வேளை தோன்றும். அதே ஆண்டின் ‘ரெட்’ அவ்வாறன்று. கனத்த, இருண்ட, நெஞ்சைத் தொடும் இசை அது. அந்தத் தட்டு வெளிவருமுன்னரே செப்டம்பரில் அவர் குழுவைக் கலைத்துவிட்டார். புகழ் ஏறும்போது கடையை மூடியவர் எத்தனை பேர்?

1977இல் பெர்லினிலிருந்து அழைப்பு வந்தது. டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டுக்கு ஃபிரிப் மூன்று முறை வாசித்தார். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஒலிபெருக்கியின் ஒலியே நரம்பை மீண்டும் அதிர்விக்க, சுரம் அறுபடாமல் நீள்கிறது. எந்தச் சுரம் எவ்விடத்தில் நின்றால் நீளும் என்று அறைத்தரையில் அடையாளம் இட்டுக்கொண்டாராம். செவி இல்லை என்றவர் அறையின் ஒலியையே அளந்து வாசித்தார்!

1981இல் ‘டிசிப்ளின்’ என்ற பெயரோடு புதிய குழுவின் தட்டு வந்தது. இரு கித்தார்கள் ஒன்றாகப் புறப்படும். ஒன்று சுற்றுக்கு ஒரு சுரம் குறைத்து வாசிப்பதால் மெல்ல மெல்லப் பிரியும். பின் வந்து சேரும். ‘ஃபிரேம் பை ஃபிரேம்’ என்பதில் இதனைத் தெளிவாகக் கேட்கலாம். நம் நாட்டில் கமெலான் கேட்டுப் பழகியோர்க்கு இப்பின்னல் அயலானதன்று.

ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டியது, 1985இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அவர் தொடங்கிய ‘கித்தார் கிராஃப்ட்’ என்னும் பயிற்சி. அமரும் முறை, தோளைத் தளர்த்தல், நரம்பை மீட்டும் சிறு வில்லையைப் பிடித்தல் ஆகியன அங்கே தனிப் பாடங்கள். நரம்புகளின் சுருதியையே அவர் மாற்றிவிட்டார். வழக்கமான கித்தாரில் நரம்புகள் பெரும்பாலும் உழைச் சுர இடைவெளியில் நிற்கும். இவர் முறையில் முதல் ஐந்து நரம்புகள் குரலுக்கு இளியாக, வயலின்போல் அடுக்கப்படும். இதனால் இருபதாண்டு வாசித்தவனின் விரலும் வழி தெரியாது நிற்கும்; புதியவனும் பழையவனும் ஒரே பலகையில் அமர்ந்து கற்கவேண்டியதே.

இக்கண்டிப்புக்கு விலையும் இருந்தது. குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தனர். 2022இல் வெளியான ஆவணப் படத்தில், முன்னாள் உறுப்பினர் ஒருவர் அக்குழுவில் இருந்ததைத் தீராத சிறு நோய்க்கு ஒப்பிடுகிறார். தம்மைத் திருத்திய அதே கோலால் பிறரையும் அளந்தார் ஃபிரிப். எல்லார்க்கும் அது தாங்கவில்லை. ஆனால் 1992இல் டேவிட் சிங்கிள்டனுடன் அவர் தொடங்கிய நிறுவனம், இசையின் உரிமை இசைத்தவர்க்கே என்னும் கொள்கையை மேற்கொண்டது. கடுமையும் நேர்மையும் அவரிடம் ஒரே வேரில் கிளைத்தவை போலும்.

கிங் கிரிம்சனின் கடைசிக் கச்சேரி 2021 டிசம்பர் 8ஆம் நாள் தோக்கியோவில் நடந்தது. கேட்க விரும்பும் அன்பர்கள் ‘ரெட்’ தட்டில் தொடங்கலாம். ‘ஃபிராக்சர்’ பின்னர் ஆகட்டும்.