நிலவின் சாட்சியம்

இரவைப் பாடுதல் கவிஞனுக்கு எளிது. இரவைப் படம் பிடித்தல் கலைஞனுக்கு அரிது. கவிஞனுக்குச் சொல் போதும். படம் பிடிப்பவனுக்கோ ஒளி வேண்டும். அவன் காட்ட முனைந்த பொருளோ இருள். இம்முரண்பாட்டை வென்று நின்ற நிழற்படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் உலகெங்கும் பெயர் பெற்ற ஒன்று, அமெரிக்க நிழற்படக் கலைஞர் அன்ஸெல் ஆடம்ஸ் 1941-ல் எடுத்த ‘நிலவெழுச்சி, ஹெர்னாண்டஸ், நியூ மெக்ஸிகோ’ என்னும் கறுப்பு வெள்ளைப் படமாகும். அதனை மதிப்பிடுவதும், அது எழுப்பும் வினா ஒன்றுக்கு விடை தேடுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தின் மேற்பாதியையும் கடந்து கரிய வானம் பரந்து கிடக்கிறது. அதில் முழுமை எய்தாத சிறு நிலவொன்று. அதன் கீழே வெண்முகில் நீண்டதொரு பட்டையாகக் கிடக்க, அதனடியில் பனி போர்த்த மலைகள். இன்னும் கீழே மண்ணால் கட்டிய வீடுகளும் ஒரு தேவாலயமும் கொண்ட சிற்றூர். ஊரின் ஓரத்தில் அடக்கத்தலம். அங்குள்ள சிலுவைகள் வெண்மையாய் ஒளிர்கின்றன. மனிதர் ஒருவரும் தென்படவில்லை. உயிருடன் உள்ளோர் வீட்டுக்குள் ஒடுங்கிவிட, மறைந்தோரின் அடையாளங்கள் மட்டும் விழித்திருப்பன போன்ற அமைதி அதில் நிலவுகிறது.

இப்படத்தை முதன்முறை காண்பவர் எவரும் இதனை இரவென்றே கொள்வர். நாமும் அங்ஙனமே கொண்டோம். ஆனால் அது இரவன்று. படம் எடுக்கப்பட்டபோது சூரியன் மறையவில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட வேளை அது.

அன்று ஆடம்ஸ் தம் மகனோடும் நண்பர் ஒருவரோடும் காரில் சான்டா ஃபே நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் இக்காட்சி கண்ணிற் பட, காரைச் சாலையோரத்தில் நிறுத்தி, 8 அங்குலமும் 10 அங்குலமும் அளவுள்ள பிலிம் ஏற்கும் பெரிய காமிராவை அவசர அவசரமாக நிறுவினார். ஒளியை அளக்கும் கருவி அந்நேரம் பார்த்துக் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவில் இருந்தது. நிலவென்பது வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. நமக்கு இரவாயினும் அதற்குப் பகலே. எனவே அதன் ஒளியைக் கணக்கில் கொண்டு, ஒரு விநாடி நேரம் லென்ஸைத் திறந்து மூடினார். இன்னொரு படம் எடுத்து வைப்போம் என்று பிலிம் உறையைத் திருப்பிச் செருகுவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த கடைசி வெயில் விலகிவிட்டது. ஆகவே அந்த ஒரு நெகட்டிவ்தான் மிஞ்சியது.

அப்படியாயின் இரவு எங்கிருந்து வந்தது? இருட்டறையிலிருந்து வந்தது. அந்நெகட்டிவிலிருந்து ஆடம்ஸ் தம் வாழ்நாளில் 1300-க்கும் மேற்பட்ட பிரதிகளை எடுத்தார். தொடக்க காலப் பிரதிகளில் வானம் அத்துணைக் கருமையாக இல்லை. மெல்லிய முகிற்கீற்றுகள் அதில் ஓடுகின்றன. 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை இரசாயனத்தில் தோய்த்து, ஊரும் கல்லறைகளும் தெளிவாகத் தெரியுமாறு வலுப்படுத்தினார். ஆண்டுகள் செல்லச் செல்ல, பிரதி எடுக்கும்போது வானத்தின் மேல் மிகுதியான ஒளியைப் பாய்ச்சி அதனை மேலும் மேலும் கறுப்பாக்கினார். இறுதிக் காலப் பிரதிகளில் கீற்றுகள் மறைந்து, வானம் கரும்பட்டு விரித்தாற்போல் ஆயிற்று. இளமையில் பியானோ பயின்ற அவர், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரதியை அதன் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர். குறிப்பு ஒன்றே, கச்சேரி நாளுக்கு நாள் வேறு.

இங்கேதான் வினா எழுகிறது. பகலை இரவாகக் காட்டிய படம் பொய்யா?

பொய்யென்று உடனே தீர்ப்புக் கூற நம் மனம் ஒப்பவில்லை. ஏனெனில், கண்ணுக்குத் தெரிந்ததையே படம் காட்ட வேண்டும் என்று விதி செய்தால், உண்மையான நள்ளிரவில் ஒளிவு மறைவின்றி எடுக்கப்படும் படங்கள் யாவும் பொய்யாகிவிடும். மங்கலான ஒளியில் மனிதக் கண்ணின் நிறமறியும் நுண்ணறைகள் ஓய்ந்துவிடுகின்றன. ஆதலால் இரவு நமக்குச் சாம்பல் நிறமாகவே தோன்றுகிறது. காமிராவுக்கு அந்தக் குறை இல்லை. கண் வந்த ஒளியை அவ்வப்போதே செலவிட்டுவிடும். காமிராவோ நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் சேர்த்து வைக்கும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அசையாமல் நின்று நெடுநேரம் நோக்கும் காமிராவில் விண்மீன்கள் புள்ளிகளாக விழாமல் துருவத்தைச் சுற்றிய வளையங்களாக விழுகின்றன. அத்தகைய வளையங்களைக் கண்ட கண் உலகில் ஒன்றேனும் உண்டா? ஆயினும் அப்படம் பூமியின் சுழற்சிக்கு மெய்யான சான்று அன்றோ?

இவ்விடத்தில் ஒரு பழைய கிதாபு நம் நினைவுக்கு வருகிறது. புவைஹிய அரசர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் வாழ்ந்த வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ஏறத்தாழ 964-ல் இயற்றிய ‘சுவருல் கவாகிப்’ என்னும் நூலே அது. ஆண்ட்ரோமிடா மண்டலத்தில் ‘சிறு முகில்’ ஒன்று உண்டென்று அவர் அதில் பதிந்துள்ளார். வெறுங்கண்ணால் கண்டவர் அவ்வளவே கூற இயலும். இன்று அதே முகிலை நெடுநேரம் நோக்கிய காமிரா, முழுநிலவின் அகலத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு அகன்ற சுருள் வடிவ விண்மீன் திரளாக அதனைக் காட்டுகிறது. அஸ்ஸூஃபி கண்டதும் மெய். காமிரா கண்டதும் மெய்.

அந்நூலில் நம்மைக் கவர்ந்த வேறொரு சிறப்பும் உண்டு. ஒவ்வொரு விண்மீன் கூட்டத்துக்கும் அவர் இரண்டு சித்திரங்களை அமைத்தார். ஒன்று, பூமியிலிருந்து நோக்குவோர்க்கு அது தோன்றும் வடிவம். மற்றொன்று, வான உருண்டையின் மேல் வெளிப்புறமிருந்து நோக்கினால் தோன்றும் வடிவம். ஒன்றில் வலமாக இருப்பது மற்றொன்றில் இடமாகிவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறானவை. எனினும் எதுவும் பொய்யன்று. இது இன்னதென்று இரண்டையும் பெயர் சொல்லி அவர் பிரித்து வைத்ததே அதற்குக் காரணம். படத்தின் நேர்மை அதன் வடிவத்தில் மட்டும் இல்லை. அது தன்னை இன்னதென்று அறிவிப்பதில் இருக்கிறது என்பது நம் துணிபு.

இந்த அளவுகோலால் அளந்தால் ஆடம்ஸ் தப்பிவிடுகிறார். வானத்தைக் கறுப்பாக்கியதை அவர் மறைக்கவில்லை. எப்படிச் செய்தார், ஏன் செய்தார் என்பதைத் தம் நூல்களில் விரித்தெழுதினார். எனினும் கலைஞர் என்ற முறையில் அவர்மீது நமக்கொரு குறை உண்டு. படத்தின் உயிர் இரு ஒளிகளின் சந்திப்பில் உள்ளது: மேற்கே விடைபெறும் வெயில் சிலுவைகளைத் தொட்டு நிற்க, கிழக்கே நிலவு எழுகிறது. தொடக்க காலப் பிரதிகளில் இச்சந்திப்பை உணர முடிகிறது. வானம் முற்றிலும் கறுத்த பிரதிகளிலோ, கல்லறைகளின் வெண்மை நிலவொளியால் வந்ததென்று பார்ப்பவர் மயங்குகிறார். சூரியன் கொடுத்ததை நிலவு கொடுத்ததாக ஆக்கிவிட்டது அந்தக் கறுப்பு. படம் கம்பீரம் பெற்றது. ஆனால் அந்திப்பொழுதின் தவிப்பை இழந்தது. சந்தையிலே கரிய பிரதிகளுக்கு எத்துணை மதிப்பிருப்பினும், முகிற்கீற்று ஓடும் பழைய பிரதியையே நாம் மேலென்போம்.

ஒளியை மாற்றிய அவர், நிலவின் இடத்தை மாற்றவில்லை. இதன் பயனை அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். தாம் எடுத்த படங்களுக்கு நாள் குறித்து வைக்கும் பழக்கம் அவரிடம் குறைவு. இப்படம் எடுத்த ஆண்டையே இடத்துக்கு இடம் வேறுவேறாகக் கூறிவந்தார். 1980-களின் தொடக்கத்தில் வானியலாளர் டேவிட் எல்மோர், படத்தில் நிலவு நிற்கும் உயரத்தையும் திசையையும் கொண்டு கணக்கிட்டு 1941 அக்டோபர் 31 என்றார். பின்னர் டென்னிஸ் டி சிக்கோ என்பவர் காமிரா நின்ற இடத்தை மேலும் நுணுகி ஆராய்ந்து, அது மறுநாளாகிய நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 விநாடி என்று 1991-ல் வெளியிட்டார். நம் கணக்கில் ஹிஜ்ரி 1360, ஷவ்வால் மாதத்து வளர்பிறை. முழுமதிக்கு இரண்டு நாள் முந்தியது. ஆடம்ஸ் 1984-லேயே மறைந்துவிட்டதால் இந்த முடிவை அவர் அறிந்தாரில்லை. எடுத்தவர் மறந்ததை நிலவு மறக்கவில்லை. இடம் பெயர்க்கப்படாத நிலவு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் விநாடி பிசகாமல் சாட்சி கூறிற்று.

நெடுந்தொலைவிலுள்ள ஒரு நாட்டின் படத்தைப் பற்றி நாம் இவ்வளவு கூறியதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் 29-ஆம் நாள் மாலை, நமதூரில் பெரியவர்கள் பிறைச் செய்திக்காகக் கூடியிருந்தோம். வானம் மூடிக் கிடந்தது. அப்போது கைப்பேசி வழியே ஒரு படம் வந்தது: மினாராவின் உச்சிக்கு மேலே அழகியதொரு பிறை. “ஹஜ்ரத், படமே வந்துவிட்டது, இனிச் சாட்சி எதற்கு?” என்றார் ஓர் இளைஞர். நாம் உற்று நோக்கினோம். பிறையின் இரு கொம்புகளும் கீழ்நோக்கி இருந்தன. பிறையின் ஒளிப்பக்கம் சூரியன் மறைந்த திசையையே நோக்கும். ஆதலால் அந்தியில் தோன்றும் புதுப்பிறையின் கொம்புகள் மேல்நோக்கியே நிற்கும். விசாரித்ததில், வாழ்த்து மடலுக்காக யாரோ ஒட்டி அமைத்த படம் அது என்று தெரிந்தது. அமைத்தவர் எவரையும் ஏமாற்ற எண்ணியவரல்லர். கைமாறிக் கைமாறி வந்ததில் ‘வாழ்த்து’ என்ற பெயர் உதிர்ந்து, படம் ‘சாட்சி’ ஆகிவிட்டது. மறுநாள் முப்பதாம் நோன்பை நோற்றோம்.

இல்லாததை ஒட்டும் பழக்கம் படத்தோடு நிற்பதில்லை. நிலவைக் குறிக்கும் ‘கமர்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்தே ‘காமிரா’ பிறந்ததென்று நம் மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். அது அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். கிரகணம் பற்றிய தம் நூலில், சிறு துளை வழியே புகும் ஒளி பிறை வடிவச் சூரியனை வரைவதை ஆராய்ந்த இப்னுல் ஹைதமின் மெய்யான பெருமை நமக்கு உண்டே. ஒட்டிய பெருமை எதற்கு? சொல்லிலும் நிலவை ஒட்டலாகாது.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று கைப்பேசியாலேயே விண்மீன்களைப் படமெடுக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரியது. அவர்களை நாம் தடுக்க வேண்டா. வானத்தைக் கறுப்பாக்கட்டும், வெளுப்பாக்கட்டும். அது கலைஞனின் உரிமை. செய்ததைப் படத்தின் அடியில் ஒரு வரி எழுதிவிடட்டும். அது பார்ப்பவரின் உரிமை. நிலவை மட்டும் அது நின்ற இடத்திலேயே நிற்க விடட்டும். நம் பேரப்பிள்ளைகள் என்றேனும் அதனிடம் நாள் கேட்கக்கூடும்.