இரசிகரும் வாக்காளரும்

வெகுசனக் கலைஞர் தம் இரசிகரின் அரசியற் கருத்தை மாற்றவல்லவரா என்னும் வினாவுக்கு 2019இல் ஜேர்மனியில் நிகழ்ந்தது தக்கதொரு சான்று. இசையும் நகைச்சுவையும் கலந்த யூரியூப் காணொளிகளால் இளைஞரிடையே பெயர்பெற்ற றேசோ என்பார், ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலுக்கு எட்டு நாட்களின் முன்னர், ஆட்சிக்குத் தலைமைதாங்கிய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைக் கண்டித்து ஏறத்தாழ 55 நிமிடக் காணொளியொன்றை வெளியிட்டார். தேர்தலில் அக்கட்சியணியின் வாக்குகள், 2014இற் பெற்ற 35.3 சதவீதத்திலிருந்து 28.9 ஆகச் சரிந்தன. பசுமைக் கட்சியின் வாக்குகள் 10.7இலிருந்து 20.5 ஆக உயர்ந்தன.

இச்சரிவு முழுவதையும் காணொளியின் கணக்கில் எழுதுவோர் உளர். அது மிகை. காலநிலை மாற்றத்தை முன்னிறுத்திப் பாடசாலை மாணவர் பல மாதங்களாக வெள்ளிதோறும் வீதியில் இறங்கியிருந்தனர். கருத்து முன்னரே உருக்கொண்டிருந்தது. எனினும் காணொளி வெறும் எதிரொலியுமன்று. நூற்றுக்கணக்கான ஆதாரங்களைச் சுட்டி, ஆனால் நண்பரோடு உரையாடும் பேச்சுநடையிலேயே அது வாதிட்டது. கேளிக்கையால் ஈட்டிய நம்பிக்கையே அவ்வாதத்தின் மூலதனம். கட்சியோ, தான் தயாரித்த பதிற் காணொளியைக் கைவிட்டுப் பதினொரு பக்க அறிக்கையொன்றை வெளியிட்டது. (இளைஞருக்கு விடைகூற இதனினும் பொருந்தா வடிவத்தைத் தேடிப்பிடித்தல் அரிது.)

நம்மை உறுத்தவேண்டியது பிறிதொன்று. காலநிலை பற்றிய பகுதியின் சாரத்தை அறிவியலாளர் பலர் ஏற்றனர். பொருளாதார ஏற்றத்தாழ்வு, போர் பற்றிய பகுதிகளிலோ தீர்ப்பு முந்திக்கொள்கிறது, விளக்கம் பின்தங்குகிறது. இரண்டும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வருகையில், வலியதையும் மெலியதையும் இரசிகர் பிரித்தறிவதற்கு அக்காணொளி இடைவெளி எதனையும் விட்டுவைக்கவில்லை.