ஓய்வுக்குப் புள்ளி கிடையாது

கென் ராக்சன் பற்றி வந்திருக்கும் கட்டுரைகளையும் யூடியூப் படங்களையும் வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே கதைதான்.

ஜெர்மனிக்காரர். 2011-இல் எம்எக்ஸ்2 பிரிவில் உலக சாம்பியன். 2014, 2016 இரண்டு வருடமும் அமெரிக்க மோட்டோகிராஸ் சாம்பியன். 2017 சூப்பர்கிராஸ் சீசனில் முதல் இரண்டு பந்தயங்களையும் ஜெயித்துவிட்டு, ஜனவரி 21 அன்று கலிபோர்னியாவின் அனாஹைமுக்கு வருகிறார். ஒரு தாவலில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுகிறார். இடது கை நொறுங்கிவிடுகிறது. கையையே எடுக்க வேண்டியிருக்குமோ என்கிற அளவுக்குப் போகிறது. 11 அறுவை சிகிச்சைகள். ஒரு வருடத்தில் திரும்பி வருகிறார். 2018 பிப்ரவரியில் சான் டியாகோவில் இன்னொருவரின் பின்சக்கரத்தில் வலது கை மாட்டி உடைகிறது. மறுபடியும் வருகிறார். 2020 ஜனவரி 11, செயின்ட் லூயிஸ். மூன்று வருடம் கழித்து ஒரு சூப்பர்கிராஸ் வெற்றி. வணக்கம், படம் முடிந்தது.

கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இடைவேளையில் அடிவாங்கி, கிளைமாக்ஸில் எழுந்து வருகிற ஹீரோ கதை நமக்கு ரொம்பப் பழக்கம். எக்ஸ்ரே இருக்கிறது, தழும்பு இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. கேமராவுக்கு அது போதும். என் புகார் என்னவென்றால், சுவாரசியமான பகுதி தொடங்குகிற இடத்தில் இந்தக் கதை நின்றுவிடுகிறது.

அதே 2020-ஐத் தொடர்ந்து பாருங்கள். மார்ச்சில் கொரோனா வந்து சீசன் நின்றது. மீதமிருந்த 7 பந்தயங்களை சால்ட் லேக் சிட்டியில் ஒரே ஸ்டேடியத்தில், பார்வையாளர் இல்லாமல், மே 31 முதல் ஜூன் 21 வரை நடத்தி முடித்தார்கள். வழக்கமாக வாரத்துக்கு ஒன்று. இங்கே மூன்று வாரத்தில் ஏழு. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் வேறு. பட்டத்துக்கான போட்டியில் இருந்த ராக்சன் மூன்றாவதாக முடித்தார். அந்தச் சமயத்தில் தனக்கு அக்கி வந்திருந்ததாகப் பிறகு சொன்னார். அடுத்து வரவிருந்த மோட்டோகிராஸ் சீசனில் ஓட்டப்போவதில்லை என்றும் அறிவித்தார். எலும்பு எதுவும் உடைந்திருக்கவில்லை.

இதற்கு முந்தைய வருடம் அவருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் பிரச்சினை இருப்பது தெரிந்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கணும். அக்கி என்பது சின்னம்மை வைரஸின் மறுவருகை. சின்னம்மை சரியான பிறகும் அது நரம்புக்குள் பதுங்கிக் கிடக்கும். எப்ஸ்டீன்-பாரும் அதே குடும்பம்தான். பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கிறது. நோய் எதிர்ப்பு தளரும்போது இவை தலைதூக்கும். ராக்சனுக்குக் குறிப்பாக எது காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் உடம்பு கடனில் ஓடிக்கொண்டிருந்தது என்று ஊகிக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை.

இந்த விளையாட்டில் இதயத்துடிப்பு உச்ச அளவின் 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். சூப்பர்கிராஸ் இறுதிப்போட்டி 20 நிமிடம் பிளஸ் ஒரு சுற்று. வெளியரங்க மோட்டோகிராஸில் 30 நிமிடம் பிளஸ் இரண்டு சுற்று. அதுவும் ஒரே நாளில் இரண்டு தடவை. இப்படி மாதக்கணக்கில் ஓடினால் வருகிற சோர்வைப் பற்றி 2013-இல் ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. அதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று: அதீதப் பயிற்சி நோயை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை எதுவும் இல்லை. சில நாள் ஓய்வில் சரியாகிறதா, பல வாரமா, பல மாதமா என்பதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அதாவது, எவ்வளவு களைத்திருக்கிறோம் என்பதே நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் இந்தத் தொடரில் நிறுத்திப் பார்க்க இடமே இல்லை. 2023-இலிருந்து 17 சூப்பர்கிராஸ், 11 மோட்டோகிராஸ், அதற்கு மேல் 3 பிளேஆஃப். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை மொத்தம் 31. வராதவனுக்குப் பூஜ்யம். கை உடைந்து வராதவனுக்கும், உடம்பு முடியாமல் வராதவனுக்கும், அந்தப் பூஜ்யத்தில் வித்தியாசம் கிடையாது. நான் வேலை பார்க்கும் துறையில் சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்தும் நேரத்தை முன்கூட்டியே அட்டவணையில் போட்டுவிடுவோம். போடாவிட்டால் அது தானாக நிற்கும், எப்போது என்று மட்டும் தெரியாது. சர்வருக்குக் கிடைக்கிற இந்த மரியாதை பந்தய வீரனுக்கு இல்லை.

“வேணாம்னா ஓட்டாம இருக்கலாமே, யார் தடுத்தா?” என்று கேட்கலாம். ராக்சன் பெரிய நட்சத்திரம், ஹோண்டாவின் தொழிற்சாலை அணியில் இருந்தவர். அதனால் ஒரு சீசனை விட முடிந்தது. சொந்த வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டு வருகிற தனியாள், இந்த வாரப் பரிசுப் பணத்தில்தான் அடுத்த வார டயரை வாங்கணும். அவனுக்கு ‘ஓய்வெடு’ என்று சொல்வது அறிவுரையே இல்லை. அதை அட்டவணை போடுகிறவர்கள்தான் சொல்ல முடியும்.

2021-இல் ராக்சன் திரும்பி வந்து சூப்பர்கிராஸில் இரண்டாமிடம் பிடித்தார். ‘பார்த்தீர்களா, ஓய்வு பலன் தந்தது’ என்று இங்கே முடிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி முடித்தால் நானும் அதே சினிமாவைத்தான் எடுக்கிறேன். 2022 சீசனை அனாஹைமில் வெற்றியோடு தொடங்கியவர், உடல்நிலை காரணமாகப் பாதியில் மறுபடியும் விலகினார். எலும்பு கூடுவது போல இதற்கு ஒரு தேதி கிடையாது. வரும், போகும், திரும்ப வரும். ஜெயித்தால்தான் ஓய்வு நியாயம் என்றால், ஜெயிக்காதவன் எடுத்த ஓய்வு குற்றமாகிவிடும்.

ஒருவர் எத்தனை அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தார் என்று வர்ணனையாளர்கள் இன்னும் எண்ணட்டும், தப்பில்லை. கூடவே, அவர் எப்போது, ஏன் நிறுத்தினார் என்பதையும் ஒரு நிமிடம் சொல்லலாம். 2020 மோட்டோகிராஸ் புள்ளிப் பட்டியலில் ராக்சன் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு பத்தியாவது எழுதணும்.