செல்லையா எதை விட்டுக்கொடுத்தான்?

எங்க வயசுக்காரர்களிடம் ‘கமிட்டெட்’ என்றால் இரண்டு அர்த்தம்தான். ஒன்று, காதலிக்கிறான். மற்றது நான் வேலை செய்யும் கட்டுமானத் தளத்தில் தினமும் கேட்பது: தேதி சொல்லி ஒத்துக்கிட்ட இல்ல, முடிச்சுக் கொடு. ஒருவன் ஓர் இலட்சியத்துக்கும் ஒரு பெண்ணுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டிருந்தால் என்ன ஆகும்? ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை இந்தக் கேள்வியோடுதான் படித்தேன்.

1959இல் நூலாக வந்தது. போர் முடிந்த பினாங்கு. வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்புகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தைக் காதலிக்கிறான். பட்டாளத்துக்குப் போனவன் இனி வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்று பிள்ளை பெண் தர மறுக்கிறார். கடைசியில் செல்லையா விலகிக்கொள்கிறான்.

இது வெறும் காதல் தோல்விக் கதை இல்லை. பிள்ளை வில்லனும் இல்லை. அவரும் ஒன்றுக்குக் கட்டுப்பட்டவர்தான், தொழிலுக்கு. அவர் பயத்தில் நியாயமும் இருக்கிறது. இலட்சியத்துக்குத் தன்னைக் கொடுத்தவன் பழைய ஆளாகத் திரும்பி வருவதில்லை. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அந்தப் படையின் போரும் முடிந்துபோனது. அது செல்லையாவுக்குள் செய்த மாற்றம் மட்டும் முடியவில்லை. சிங்காரம் இதை அழாமல் சொல்கிறார். அதுதான் நாவலின் பலம்.

துப்பாக்கி பிடித்த கை அது. மிரட்டியிருக்கலாம், அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். செய்யவில்லை. அந்த விலகலை நாவல் மனமுதிர்ச்சியாகக் காட்டுகிறது. என் சண்டை இங்கேதான். தனக்குரியதை விட்டால் முதிர்ச்சி, சரி. மரகதத்துக்குரியதையும் சேர்த்து விட இவன் யார்? காத்திருந்தவள் அவள். அவள் உறுதிக்கு நாவல் கண்ணீரைத் தருகிறது, முடிவெடுக்கும் இடத்தைத் தரவில்லை.

அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே சேர்ந்தார்கள். செல்லையா இருந்த அதே இராணுவத்தின் படை அது. வீட்டைவிட்டுப் போக முடிவெடுத்த பெண்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள்.

படிக்காதவங்க கட்டாயம் படிங்க. ஏற்கெனவே படித்திருந்தால் மரகதம் வரும் பக்கங்களை மட்டும் இன்னொரு தடவை புரட்டுங்கள். உனக்கு என்ன வேணும் என்று அவளிடம் யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள்.