ஆடாத மேசை

நாற்காலியையும் அலமாரியையும் நின்று ரசிக்க நமக்குத் தெரியும். கடைசல், பூவேலை, பாலிஷ் என்று கண்ணுக்கு ஏதாவது அகப்படும். வேலை மேசையில் அதெல்லாம் கிடையாது. அதிலும் அமெரிக்க வீட்டு கராஜில், காருக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிற, துப்பாக்கித் தோட்டா செய்வதற்கான தோட்டா மேசை, வீட்டுச் சாமான்களிலேயே ஏழை. நாலு தடித்த கால், இரண்டடுக்கு பிளைவுட், துருத்திக்கொண்டிருக்கும் போல்ட் தலைகள். பாதிப் பேர் பெயின்ட்கூட அடிப்பதில்லை. ஆனால் மரவேலையில் எது நல்ல வேலை என்று என்னைக் கேட்டால், இந்த மாதிரி மேசை ஒன்றைத்தான் முதலில் காட்டுவேன்.

அங்கே வேட்டைக்குப் போகிறவர்களிலும் இலக்குச் சுடும் போட்டிக்காரர்களிலும் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைக் குப்பையில் போடுவதில்லை. தோட்டா என்பது நான்கு பொருள்: உறை, அதன் அடியில் உட்கார்ந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு. பெரும்பாலும் நான்கில் விலை கூடியது உறை; திரும்பப் பயன்படுத்த முடிவதும் அது ஒன்றுதான். அதைப் பொறுக்கி எடுத்துவந்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; செய்து விற்கிறவருக்குத்தான் வேண்டும். செலவு மிச்சம் என்பார்கள். அது வெளியே சொல்லிக்கொள்ளும் காரணம். தன் துப்பாக்கிக்கு எது ஒத்துவருகிறது என்று தானே அளந்து, தானே தேடிக் கண்டுபிடிக்கிற சுகம்தான் உள்ளே இருக்கும் காரணம் என்பது என் கட்சி.

சுடும்போது உறை வீங்கிவிடுகிறது. அதை அமுக்கிச் சரிசெய்யத்தான் பிரஸ். ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் ராக் சக்கர் என்ற வார்ப்பிரும்பு பிரஸ் இந்த வேலையில் பேர்போனது. 1943-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் தொடங்கிய நிறுவனம் அது. பிரஸ்ஸை மேசையின் முன்விளிம்பில்தான் முடுக்குவார்கள். வேறு எங்கும் வைக்க முடியாது, ஏனென்றால் கைப்பிடியும் அதன் இணைப்புகளும் மேசை மட்டத்துக்குக் கீழே இறங்கி வேலை செய்கின்றன. மேசையின் கஷ்டமெல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டில் தொடங்குகிறது.

கைப்பிடியைக் கீழே இழுத்தால் உறை மேலே ஏறி, டை என்ற அச்சுக்குள் நுழையும். .30-06 மாதிரி நீளமான ரைஃபிள் உறை என்றால், எண்ணெய்ப் பசை தடவியிருந்தாலும், தோளின் கனம் முழுவதும் கைப்பிடியில் இறங்க வேண்டியிருக்கும். அந்தக் கனம் விழுவது மேசையின் நடுவில் இல்லை, முன்கால்களுக்கும் வெளியே. அப்போது மேசை ஆள்மேல் சாயப் பார்க்கும். பின்காலுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வைத்துக்கொண்டு கவனித்தால் தெரியும்: சாதாரண மேசை என்றால், கைப்பிடி அழுந்துகிற அந்தக் கணத்தில் காகிதம் தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். கால் தரையில் நிற்பதுபோலத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கனம் அதில் இல்லை.

பிறகு கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். டைக்குள் ஒரு கம்பியின் நுனியில் உருண்டையான குமிழ் ஒன்று இருக்கிறது. உறை வெளியே வரும் வழியில் அதன் கழுத்தை உள்ளிருந்து சரியான அளவுக்கு விரிப்பது அதன் வேலை. அது கழுத்துக்குள் கடந்து வரும்போது ஒரு முனகல் கேட்கும், மேசையின் முன்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். டில்லன் 550 போன்ற பிரஸ்களில் இன்னொரு திசையும் உண்டு. கைப்பிடியை மேலே கொண்டுபோய், கடைசியில் முன்னால் தள்ளினால்தான் பிரைமர் உட்காரும். அப்போது மேசை சுவரை நோக்கிப் போகும். ஆக ஒரே தோட்டாவுக்குள் கீழே ஒரு இழுப்பு, மேலே ஒரு எழுப்பு, சுவரை நோக்கி ஒரு தள்ளு. சாப்பாட்டு மேசைக்கோ எழுத்து மேசைக்கோ இந்தச் சோதனை வாழ்நாளில் வருவதில்லை.

இதனால்தான், கடைகளில் விற்கும் மேசைகளின் அட்டையில் ‘ஆயிரம் கிலோ தாங்கும்’ என்ற ரீதியில் அச்சடித்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சும்மா மேலே பரப்பி வைத்த பாரத்தின் கணக்கு அது. தோட்டா மேசைமேல் யாரும் யானையை ஏற்றப் போவதில்லை. சாய்கிறதா, எழும்புகிறதா, பக்கவாட்டில் நெளிகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு அட்டையில் பதில் இல்லை. மெல்லிய தகட்டு மேசைகளில் இன்னொரு தொல்லை, அவை அதிரும்.

ஆடினால் என்ன, உடையவா போகிறது என்று கேட்கலாம். உடையாது. மேசை உறுதியாக இருக்க வேண்டியது பலத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைக்குச் சேதி ஒழுங்காக வந்து சேர்வதற்காகத்தான் அது ஆடக் கூடாது. பிரைமர் குழிக்குள் நுழையும்போது முதலில் லேசான உரசல். பிறகு அடியில் போய்த் தொட்டதும் கெட்டியான ஒரு நிறுத்தம். உறையின் அடிமட்டத்துக்கு இம்மியளவு உள்ளே அது உட்கார்ந்திருக்க வேண்டும். நுழைவது சுலபமாக இருந்தால் குழி தளர்ந்துவிட்டது, அந்த உறைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். நடுவில் முரட்டுத்தனமாகத் தடுத்தால் குழியில் ஏதோ கோளாறு. அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அழுத்தக் கூடாது. தேர்ந்த கை இதையெல்லாம் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கைப்பிடியில் படித்துவிடும். மேசை கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற மேசையாக இருந்தால் உரசலும் நிறுத்தமும் அதன் ஆட்டத்துக்குள் கரைந்துபோகும். கை எதைத் தொட்டோம் என்று தெரியாமல் தடுமாறும்.

தராசுக்கும் இதே நியாயம். மருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், அதாவது ஒரு கிரெய்ன் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம். தராசு காட்டுவதோ அதிலும் பத்தில் ஒரு பங்கு. காற்று அடித்தாலே முள் நடுங்குகிற இடத்தில், பிரஸ் அடிக்கும் அதே பலகைமேல் தராசை வைப்பது அறியாமை. விஷயம் தெரிந்தவர்கள் சுவரில் தனியாக ஒரு சின்னத் தட்டு அடித்து, முள் கண் மட்டத்துக்கு வரும்படி அதில் தராசை வைக்கிறார்கள். மருந்தை அளந்து கொட்டும் உருளையையும் சிலர் தனித் தாங்கிக்கு மாற்றிவிடுவார்கள். அதிர அதிர உள்ளே இருக்கும் மருந்து அமுங்கி நெருங்கும். அதே கொள்ளளவில் எடை கூடிவிடும். நல்ல மேசையின் அடையாளங்களில் ஒன்று, எது தன்மேல் இருக்கக் கூடாது என்று அதைச் செய்தவருக்குத் தெரிந்திருப்பது.

மரவேலைக்காரர்களின் மேசை என்றதும் எல்லோரும் சொல்கிற பெயர் பிரான்ஸின் ஆந்த்ரே ழாகோப் ரூபோ. 18-ஆம் நூற்றாண்டுத் தச்சர். தச்சுக்கலை பற்றிய அவருடைய பெரும் நூலின் முதல் பகுதி 1769-இல் வெளிவந்தது. அதில் அவர் வரைந்து காட்டிய மேசை இன்றைக்கும் உலகெங்கும் செய்யப்படுகிறது: ஒரே கனத்த பலகை, பலகையின் முன்விளிம்போடு ஒரே மட்டமாக நிற்கும் கால்கள். முன்விளிம்பில் வேலை செய்கிறவனுக்குக் கால் அந்த விளிம்பின் கீழேயே இருக்க வேண்டும் என்ற யோசனை அது. தோட்டா மேசைக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. பிரஸ்ஸின் இணைப்புகள் காலிலோ குறுக்குச்சட்டத்திலோ இடிக்கும். எனவே பலகையைக் கொஞ்சம் வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும். எவ்வளவு நீட்டுவது என்பதில்தான் செய்தவரின் கை தெரியும். இடிக்காத அளவுக்கு மேல் ஒரு விரற்கடை நீட்டினாலும் அது வீண் நீட்டல். பிரஸ்ஸை இரண்டு கால்களுக்கு நடுவில் வைக்காமல் ஒரு காலை ஒட்டி வைத்திருந்தால், யோசித்துச் செய்த மேசை என்று நம்பலாம்.

மரம் உயர்ந்த ஜாதியாக இருக்க வேண்டியதில்லை. அங்கே வீடு கட்டப் பயன்படும் டக்ளஸ் ஃபர் அல்லது தெற்கத்தி மஞ்சள் பைன் போதும். கால் 4க்கு 4, சட்டம் 2க்கு 4. கடையில் 2க்கு 4 என்று விற்பது அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். மேலே முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டித் திருகினால் ஒன்றரை அங்குலப் பலகை ஆயிற்று. கெட்டி மரத்தில் செய்த பழைய கதவைப் பலகையாக்குகிறவர்கள் உண்டு. உள்ளே கூடாக இருக்கும் கதவு உதவாது. இடித்துப்போட்ட பவுலிங் மையங்களின் மேப்பிள் தளத்தை வாங்கி மேசையாக்குவது இன்னொரு பழக்கம். இரும்பு மாதிரி மரம், பார்க்கப் பேரழகு. ஆனால் அந்தப் பட்டைகளை ஒன்றோடொன்று ஆணியடித்துத்தான் சேர்த்திருப்பார்கள். வெளியே ஒரு ஆணியும் தெரியாது, ரம்பத்தின் பல் போன பிறகுதான் தெரியவரும்.

இதையெல்லாம்விட முக்கியமானது சுவர். மரச்சட்ட வீடுகளில் சுவருக்குள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாகச் சட்டம் நிற்கும். அதைத் தேடிப் பிடித்து, மேசையின் பின்சட்டத்தை நீளத் திருகாணியால் அதில் பிணைத்துவிட்டால், சாய்வதும் எழும்புவதும் பெருமளவு தீர்ந்துபோகும். அதன் பிறகு வீட்டோடு சேர்த்துத்தான் மேசையை ஆட்ட வேண்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கீழ்த்தட்டில் கனத்தை ஏற்றுகிறார்கள். 25 பவுண்டு ஈயக் குண்டுப் பைகள் நாலைந்து போதும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே நேரடி உண்மை. ஆயிரம் தடவை கைப்பிடி இறங்கி ஏறினால் எந்த போல்ட்டும் கொஞ்சம் இளகும். முதல் குளிர்காலத்தில் மரம் உலர்ந்து சுருங்கும்போது இன்னும் இளகும். வாஷர் அகலமாக இருந்தால் மரத்துக்குள் புதையாது. பலகைக்கு நேர் கீழே இழுப்பறை வைத்தவர்கள், போல்ட்டை முடுக்க ஸ்பேனர் நுழையாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். இழுப்பறை அழகு, ஆனால் பிரஸ் இருக்கும் மூலையில் வேண்டாம்.

மேற்பரப்பு வெளிர் நிறமாக, வழவழப்பாக இருப்பது நல்லது. சிந்திய ஒரு துளி மருந்தும் கண்ணில் பட வேண்டும். ஈயத் தூசியைத் துடைத்தெடுக்க முடிய வேண்டும். பூச்சில்லாத பிளைவுட் இரண்டையும் குடித்துவிடும். அகலம் இரண்டு அடிக்கு மேல் தேவையில்லை. பெரிய மேசையில் வேண்டாத சாமான் சேரும். இந்த வேலையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் மேசைமேல் இருக்க வேண்டும் என்பது கட்டாய விதி. இடம் குறைவாக இருந்தால் அந்த விதியை மேசையே காப்பாற்றிக்கொள்ளும்.

மேசையே தேவைப்படாத வழியும் உண்டு. ரிச்சர்ட் லீ 1958-இல் கொண்டுவந்த லீ லோடர், உள்ளங்கையில் அடங்கும் சாமான். ஒரு மரச்சுத்தியலும் கெட்டியான ஒரு கட்டையும் இருந்தால் போதும். துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் சின்ன ஆர்பர் பிரஸ்ஸைப் பெட்டியில் கொண்டுபோய், சுடும் இடத்திலேயே ஏதோ ஒரு மேசையில் வைத்துத் தோட்டா செய்கிறார்கள். அதில் அழுத்தம் நேர்க்கீழாக அதன் அடித்தட்டிலேயே இறங்கிவிடுவதால் மேசைக்கு வேலை இல்லை. நெம்புகோல் விளிம்புக்கு வெளியே வந்தால்தான் மேசை கலைப்பொருளாகிறது.

மேசை பார்க்கப் போகிறவர்கள் மேற்பலகையைத் தட்டிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். தட்டினால் எல்லா மேசையும் ‘டொக்’ என்றுதான் சொல்லும். முன்விளிம்பைப் பிடித்து முழுக்கனத்தோடு கீழே அழுத்துங்கள், பிறகு தூக்குங்கள், பிறகு முன்னே தள்ளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு அசைந்தாலும் வேண்டாம். அதைவிட, பிரஸ்ஸுக்கென்று எடுத்துவைத்த பணத்தில் கொஞ்சத்தை மரத்துக்கும் போல்ட்டுக்கும் மாற்றி நீங்களே செய்துகொள்வது மேல். சாதாரண பிரஸ் நல்ல மேசையில் ஒழுங்காக வேலை செய்யும். உயர்ந்த பிரஸ் ஆடும் மேசையில் செய்யாது.