பறக்கத் தெரிந்தவனும் பாலமில்லாத ஓடையும்

மந்திரம் வருகிற கதையைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிவிடுவது நம் விமர்சகர்களின் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. சாதாரண மனிதனுக்கு வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டால் போதும், கதை பிறந்துவிடும். பறக்கத் தெரிந்தவனை எழுதுகிறவன் என்ன செய்வான்? அவனை எங்கே நிறுத்துவது?

இந்தக் கேள்வியைச் சமீபத்தில் கிளப்பிவிட்டவர்கள் பையன்கள். மம்சாபுரத்துக்கு விடுமுறையில் வந்த என் தங்கை மகன் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்திருந்தான். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்டது. ஒருவன் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் திருடனாகவும் மந்திரவாதியாகவும் பாவித்துக்கொண்டு, பகடையை உருட்டிக் கதையை நடத்துகிறார்கள். கதை சொன்ன பையன் செண்பகத்தோப்பை மனத்தில் வைத்து ஒரு காட்டாற்றைக் குறுக்கே விட்டான். வீரன் கயிறு, மூங்கில் என்று யோசிப்பதற்குள் மந்திரவாதி பறந்து அக்கரை சேர்ந்துவிட்டான். மற்ற மூவர் முகமும் சுண்டிப்போயிற்று. பால்கோவாவால்கூட அதைச் சரிசெய்ய முடியவில்லை.

ஆட்டத்தை அமைத்தவர்கள் இதை அறியாதவர்களல்ல. மந்திரவாதி ஒரு நாளைக்கு இத்தனை மந்திரந்தான் சொல்லலாம், பிறகு ஓய்வெடுத்து, ஏட்டைப் பார்த்து மறுபடி பாடம் பண்ண வேண்டும் என்று தொடக்கத்திலேயே விதித்தார்கள். ரேஷன் கடைக் கணக்குத்தான். உபயோகம் உண்டு, அழகு இல்லை. எங்கள் பையன் மறுநாள் செய்தது மேல். அக்கரையில் ஒரு கிழவியை உட்கார வைத்தான். அவள் எருமை இக்கரையில் நிற்கிறது, அதைக் கொண்டுவந்தால்தான் வழி சொல்லுவாள். மந்திரவாதியால் தன்னைத்தான் தூக்கிக்கொள்ள முடியும். எருமையை ஓட்ட மற்ற மூவரும் வேண்டியிருந்தது.

மகாபாரதத்து நளனுக்கு நேர்ந்ததும் இந்த வகைதான். சுயம்வரத்தில் அவனுக்கு அக்கினி நினைத்த இடத்தில் நெருப்பையும், வருணன் நினைத்த இடத்தில் நீரையும், யமன் சமையலில் ருசியையும் வரமாகத் தருகிறார்கள். அப்பேர்ப்பட்டவன் புஷ்கரனிடம் சூதில் நாட்டைத் தோற்றுக் காட்டில் பசியோடு அலைகிறான். பறவை பிடிக்க வீசிய ஒற்றை வஸ்திரத்தையும் பறவைகள் தூக்கிக்கொண்டு போகின்றன. வரங்களை யாரும் பறிக்கவில்லை. நெருப்பு இருக்கிறது, நீர் இருக்கிறது, உலையில் போட அரிசி இல்லை. தூங்குகிற மனைவியின் சேலையில் பாதியைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு எந்தத் தேவனின் வரம் உதவும்? ஆனால் பின்னால், பாகுகன் என்ற விகார உருவத்தில் அவன் ஒளிந்திருக்கும்போது, தானே நிரம்பும் குடமும், தானே பற்றும் புல்லும், அவன் சமைத்த இறைச்சியின் ருசியுமே தமயந்திக்கு அவனை அடையாளம் காட்டிவிடுகின்றன. உதவ வேண்டிய நேரத்தில் சும்மா கிடந்த வரம், மறைய நினைத்த நேரத்தில் காட்டிக்கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் கதைக்காரன்.

இன்றைய தொலைக்காட்சித் தொடர்களில் மந்திரத்துக்கு எதிரே அதைவிடப் பெரிய மந்திரத்தை வைக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொன்று. பிறகு வழியில்லாமல், நாயகிக்குத் திடீரென்று சக்தி போய்விட்டது என்கிறார்கள். இரண்டும் சோம்பல்தான்.

புதுமைப்பித்தனுக்கு அந்தச் சோம்பல் கிடையாது. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளையே சென்னைத் தெருவில் இறக்கிவிட்டார். ஒரு சக்தியையும் குறைக்கவில்லை. ஆனால் காப்பி குடித்தால் காசு கொடுத்தாக வேண்டும். பிள்ளையின் பத்திரிகைக்குச் சந்தாவும் கேட்கப்படுகிறது. கடைசியில், பிழைப்புக்காகக் கூத்தாடிக் காட்டப் போன இடத்தில், கலாரசிகரான ஒரு திவான் பகதூருக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை. தில்லையில் ஆடுகிறவரை வெளியே அனுப்பிவிடுகிறார். நெற்றிக்கண்ணைத் திறந்திருந்தால் அவரைச் சாம்பலாக்கியிருக்கலாம். ரசிக்கவைத்திருக்க முடியாது.