மழை ஊரில் சுவருக்கு வண்ணம்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே நனைக்கும் குமரி மாவட்டத்தில், வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கத் தெரிந்த பெயிண்டர் அண்ணனைப் பார்த்தால் எனக்குத் தனி மரியாதை.

அவர் டப்பாவைத் திறக்கவே நாலைந்து நாள் ஆகும். முதலில் கம்பி பிரஷ். கறுத்துக் கிடக்கும் பாசி சரசரவென்று உதிரும். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவுவார். பாசியை வேரோடு கொல்லாமல் மேலே அடித்தால் அடுத்த ஆடிச் சாரலிலேயே அது எட்டிப் பார்த்துவிடும். அப்புறம் காயவிடுவார். இந்தக் காத்திருப்புதான் வேலையின் உயிர் என்பேன். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலுபுறமும் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்ப்பார். உள்பக்கம் வேர்த்திருந்தால் அன்றைக்கும் பிரஷ் தொடமாட்டார். ஈரத்தை உள்ளே பூட்டினால் வண்ணம் கொப்புளித்துத்தானே உரியும்!

விரிசல் அடைத்து, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். அது சீக்கிரம் முடிந்துவிடும். தை, மாசி வெயில்தான் இதற்குத் தோது.

கடைசியாக சன்ஷேடின் அடிவிளிம்பைத் தடவிப் பார்ப்பார். அங்கே விரல் அகலத்தில் ஒரு காடி. மழைநீர் சுவர்ப்பக்கம் ஓடாமல் அதிலேயே நின்று, சொட்டுச் சொட்டாய்க் கீழே விழும்.